கொல்லை இல்லாத ஊரின் கொல்லைப்புறம்

ஏழாம் மாடித் தாழ்வாரத்தில், எங்கள் வாசலை ஒட்டி ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. ஒருநாள் காலை ரசத்துக்கு ஓர் ஈர்க்குக் கிள்ளப் போனபோது தளிர் இலைமேல் பறவை எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. துடைக்கலாம் என்று கிட்டப் போனேன். எச்சம் மெல்ல நகர்ந்தது.

பழுப்பும் வெள்ளையுமாக எச்சம்போல வேடமிட்டிருந்த அது ஒரு புழு. சில நாளில் அந்தச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பச்சைக்கு மாறியது. கழுத்துப் பக்கம் இரண்டு பொய்க்கண்கள் வந்தன. விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டுக் கொம்பு ஒன்றை நீட்டும். அழுகிய நாரத்தங்காய் வாடை வீசும். தமிழில் கறிவேப்பிலை அழகி என்று பெயர் பெற்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை என ஒரே குடும்பத்துச் செடிகளில்தான் தாய்ப்பூச்சி முட்டையிடும். முன்னங்கால்களால் இலையைத் தட்டிச் சுவை பார்த்துத்தான் செடியை உறுதி செய்துகொள்ளும். அப்படி ஏதோ ஒரு தாய், ஏழு மாடி ஏறி வந்து இந்தத் தொட்டியைக் கண்டுபிடித்திருக்கிறது.

தொட்டி என்னுடையது. அது நிற்கும் தரை நகர மன்றத்தின் பராமரிப்பில் இருப்பது. புழு யாருடையது என்ற கேள்வியில்தான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. வீட்டுக்குப் பின்னால் கிணறு, முருங்கை, துவைகல், அணில் என்று நாம் ஊரில் அறிந்த கொல்லைப்புறம் சிங்கப்பூரில் கிடையாது. ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் வாழும் ஊர் இது. இங்கே ‘வீட்டோரத்து உயிர்களைப் பார்ப்பது’ என்பதற்கு என்ன பொருள்? யார் யார் வருகிறார்கள், ஏன் வருகிறார்கள், அவர்களோடு நமக்கு என்ன வழக்கு?

பெயர்களில் எஞ்சிய காடு

லிட்டில் இந்தியாவின் முதுகெலும்பு சிராங்கூன் ரோடு. அந்தப் பெயர் ‘பூரோங் ரங்கோங்’ என்று மலாயில் சொல்லப்பட்ட, கொக்கு நாரை சாயலுள்ள ஒரு சதுப்புநிலப் பறவையிலிருந்து வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்தச் சாலை தொடங்குமிடத்தில் இருக்கும் தேக்காவின் பெயரோ ஹொக்கியன் சீனத்தில் மூங்கிலடி என்று பொருள்படும் சொல்லின் சுருக்கம். ரோச்சோர் கால்வாயோரம் மூங்கில் புதர்கள் நின்ற காலத்துப் பெயர். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என இரண்டு தெருக்கள், ஒன்று ஆங்கிலத்திலும் மற்றொன்று மலாயிலும், அதே எருமையைச் சொல்கின்றன. ரோச்சோரின் நீரும் புல்லும் மாட்டு வணிகத்தை இங்கே இழுத்தன. மாடு தமிழரையும் வடஇந்தியரையும் இழுத்தது. 1930களுக்குப் பிறகு தொழுவங்கள் மறைந்தன. நகைக்கடைக்கும் காய்கறிக்கடைக்கும் நடுவே பெயர்ப்பலகைகள் மட்டும் பறவை, மூங்கில், எருமை என்று ஒரு பழைய நிலத்தின் கணக்கை வைத்திருக்கின்றன.

இழப்பின் கணக்கு பெரியது. 1819இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது தீவின் பெரும்பகுதி காடு. பிறகு கேம்பியர், மிளகு, ரப்பர்த் தோட்டங்கள், கடைசியாகக் கட்டடம். சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங் பக்கம் சுடப்பட்டது. பேரி புரூக், நவ்ஜோத் சோதி, பீட்டர் இங் மூவரும் 2003இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, 183 ஆண்டுகளில் தீவின் இயற்கை வாழிடத்தில் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்ததையும், பதிவான உயிரினங்களில் குறைந்தது 28 விழுக்காடு மறைந்ததையும் காட்டியது. உலகெங்கும் வெப்பமண்டலக் காடழிவைப் பேசுவோர் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வு அது.

ஆகவே இன்று நம் தாழ்வாரத்துக்கு வரும் எந்த உயிரும் ஒரு பெரிய சல்லடையில் தங்கியது, அல்லது பிறகு வந்து சேர்ந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் ‘பார் எவ்வளவு பறவை’ என்ற மகிழ்ச்சி அளவோடு இருக்கும்.

எது கொல்லைப்புறம்

முதலாவது, மரம். 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் சர்க்கஸில் அன்றைய பிரதமர் லீ குவான் யூ ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டார். 1967இல் ‘தோட்ட நகரம்’ என்ற முழக்கம் வந்தது. சாலையோரம் நின்று நிழல் தந்த மரங்களில் முக்கியமானது தூங்குமூஞ்சி. தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம்தான். ஆனால் அதன் கிளையில் பறவைக்கூட்டுப் பெரணி ஒட்டி வளர்கிறது, பெரணியின் மட்கில் பூச்சி வளர்கிறது, பூச்சியைத் தேடிப் பறவை வருகிறது. மூன்றாம் மாடியிலோ நான்காம் மாடியிலோ குடியிருப்பவருக்கு அந்த மரத்தின் உச்சி கண்ணுக்கு நேரே இருக்கும். தரைவீட்டுக்காரர் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் மாங்குயிலை அடுக்குமாடிக்காரர் முகத்துக்கு முகம் பார்க்கலாம். ஊரில் பனையேறிக்கு மட்டும் வாய்த்த பார்வை இது.

இரண்டாவது, நீர். 1977இல் தொடங்கிய பத்தாண்டுத் துப்புரவில் சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆற்றுப் படுகையும் சாக்கடை நாற்றத்திலிருந்து மீண்டன. பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக ஓடிய காலாங் ஆறு, 2012இல் வளைந்து நெளிந்து புற்கரையோடு ஓடும் ஆறாகத் திருப்பப்பட்டது. தேக்காவுக்குப் பக்கத்து ரோச்சோர் கால்வாயும் அதே காலாங் படுகையில்தான் போய்ச் சேர்கிறது. மூன்றாவது, இணைப்பு. பூங்காக்களைக் கோத்துச் செல்லும் நடைபாதைகளும், 2011இல் மலாயா ரயில் நின்றபின் காலியான 24 கிலோமீட்டர் தண்டவாளப் பாதையும், உயிர்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் போக வழியாகின்றன.

ஆக, இங்கே கொல்லைப்புறம் என்பது பொதுச்சொத்து. புளோக்கின் கீழ்த்தளம், வடிகால், கார்நிறுத்துமிடத்து மரம், நம் வாசல் தொட்டி எல்லாம் சேர்ந்ததுதான் அது. தொட்டிக்குக்கூட விதி உண்டு: தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் நடைவழி விட வேண்டும். அடித்தட்டில் நீர் தேங்கினால் கொசு, கொசு வந்தால் அபராதம். அந்த இடுக்கில்தான் தமிழ் வீடுகள் துளசி, வெற்றிலைக்கொடி, மல்லிகை, செம்பருத்தி, கறிவேப்பிலை வைக்கின்றன. சாமிக்கும் சமையலுக்கும் வைத்த அந்தச் செடிகளுக்கு வேறு வாடிக்கையாளரும் உண்டு. துளசிப் பூவுக்குத் தேனீ, செம்பருத்திக்குத் தேன்சிட்டு. பிள்ளையாருக்கென்று வளர்க்கும் எருக்கில் வெந்தய வரியன் முட்டையிடுகிறது. மஞ்சள் பின்புறமுள்ள கொண்டைக்குருவி வாசல் தொட்டியிலேயே கூடு கட்டுவது இங்கே பல வீடுகளில் நடப்பது. அடைகாத்துக் குஞ்சு பொரித்து அது பறந்து போகிறவரை வீட்டுக்காரர் செடிக்குப் பயந்து பயந்து தண்ணீர் ஊற்றுவார்.

வந்தவர், மீண்டவர், மறைந்திருப்பவர்

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவருக்கு இங்குள்ள தெருப்பறவைகள் எல்லாம் தெரிந்த முகமாகத் தோன்றும். உற்றுப் பார்த்தால் எதுவும் அதுவல்ல. தேக்கா உணவுக்கடை மேசைக்கடியில் தத்தும் குருவியைப் பாருங்கள். தலை செம்பழுப்பு, வெள்ளைக் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தாற்போல ஒரு கறுப்புப் புள்ளி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உடை. நம் ஊர்ச் சிட்டுக்குருவிக்கு அந்தக் கன்னப்பொட்டு கிடையாது. அதில் பெண் வேறு நிறம். இது மரச்சிட்டு என்னும் வேறு இனம். மைனாவும் அப்படியே. ஊரில் கண்ணைச் சுற்றி மஞ்சள் தோலோடு பழுப்பாக இருக்கும் நாகணவாய் இங்கே குறைவு. தட்டைப் பறிக்க வரும் சாம்பல் கறுப்புப் பறவை, நெற்றியில் சிறு கொண்டை வைத்த ஜாவா மைனா. 1920களில் கூண்டுப்பறவை வணிகத்தின் வழி வந்து தப்பித்த கூட்டத்தின் வாரிசுகள். அது தன் பிறந்தகமான ஜாவாவில் வலைக்காரர்களால் அருகிக்கொண்டிருக்க, இங்கே தட்டுக்குத் தட்டு தாவுகிறது.

காகத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. வீட்டுக் காகம் இந்த வட்டாரத்துக்கு உரியதன்று. 1890களில் மலாயாவின் கிள்ளான் துறைமுகப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் புழுவைத் தின்ன இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். தோட்ட வேலைக்குத் தமிழரைக் கப்பலேற்றிய அதே காலம், அதே முதலாளிகளின் உலகம். அங்கிருந்து பரவிய காகம் 1940களில் சிங்கப்பூரை அடைந்தது. காகம் நிலைத்தபின் அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் நிலைத்தது: முன்பு குளிர்கால விருந்தாளியாக வந்துபோன குயில் 1980களில் இங்கேயே குடும்பம் நடத்தத் தொடங்கியது. அதே பத்தாண்டில் நம் வேலியோரத்து ஓணானும் வடக்கிலிருந்து இங்கே வந்தேறியது. உள்ளூர்ப் பச்சைக் கொண்டை ஓணான் தோட்டங்களை அதற்கு விட்டுக்கொடுத்துக் காட்டோரம் ஒதுங்கியது. கழுத்தில் வளையம் போட்ட பச்சைக்கிளி, சிராங்கூன் ரோட்டில் சீட்டெடுத்து ஜோசியம் சொன்ன கிளியின் இனம், கூண்டிலிருந்து தப்பியவற்றின் வழியாக இப்போது இந்த ஊர் வானிலும் பறக்கிறது. அதற்கும் உள்ளூர் நீள்வால் கிளிக்கும் மரப்பொந்துக்கு அடிபிடி.

இந்த வரிசையைப் பார்த்து ‘நாமும் வந்தேறிதானே’ என்று உருகிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மனிதன் வந்து குடியேறுவதை அளக்கும் கோல் வேறு, ஓர் இனம் வந்து இன்னோர் இனத்தின் பொந்தைப் பிடிப்பதை அளக்கும் கோல் வேறு. பார்ப்பவருக்கு வேண்டியது எது எப்போது வந்தது, அது வந்ததால் எது ஒதுங்கியது என்ற தெளிவுதான்.

மீண்டு வந்தவர்கள் இருவரை ஊரே கொண்டாடுகிறது. நீர்நாய், 1998இல் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் மறுபடி தென்பட்டது. ஆறு தெளிந்திருந்தது, மீன் இருந்தது. குடும்பம் குடும்பமாகப் பெருகி நகரின் நடுவே மெரினா விரிகுடா வரை வந்துவிட்டது. இப்போது நூற்றுக்கு மேல் இருக்கின்றன. மருதத்திணைப் பாடல்களில் வாளை மீனைக் காலை இரையாகக் கவ்வும் நீர்நாயும், காவிரியில் இன்றும் வாழும் நீர்நாயும் இதே இனம்தான். சங்கப்பாட்டில் படித்த விலங்கைப் பார்க்கத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்று வாய்ப்பான இடம், வியப்பாக, காலாங் ஆற்றங்கரை. இன்னொன்று இருவாச்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே மறைந்த இந்தப் பறவை 1994இல் பூலாவ் ஊபின் தீவில் தலைகாட்டியது. பெண்பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஆண் ஒரு பிளவு வழியே ஊட்டும். அத்தகைய பெரிய பொந்துள்ள முதுமரங்கள் இங்கே குறைவு. 2004இல் தொடங்கிய இருவாச்சித் திட்டம் மரங்களில் கூட்டுப்பெட்டிகளைப் பொருத்தியது. இன்று அடுக்குமாடி ஜன்னல் கம்பியில் இருவாச்சி உட்கார்ந்திருக்கும் படம் யாரையும் திடுக்கிட வைப்பதில்லை.

மறைந்திருப்பவர்கள் பட்டியல் இன்னும் நீளம். ஓட்டுவீட்டுக் கூரையில் ஓடும் மரநாய், கார்த்தாழ்வாரத்தில் தலைகீழாகத் தொங்கிப் பழச்சக்கையைத் துப்பும் சிறு பழந்தின்னி வௌவால், வடிகாலில் எலி தேடும் மலைப்பாம்பு, கால்வாய்க் கரையில் வெயில் காயும் உடும்பு. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வடக்கிலிருந்து வந்துபோகும் கூட்டம் வேறு: தகைவிலான், பழுப்புக் கீச்சான், ஈப்பிடிப்பான்கள். நம் ஆறுமணிக்குருவியின் உறவான நீலச்சிறகுப் பிட்டா இரவில் பயணம் செய்யும்போது கண்ணாடிக் கட்டடத்தில் மோதி, விடிகாலையில் நடைபாதையில் கிடக்கும். சிலருக்கு அந்தப் பறவையோடு முதல் அறிமுகமே அதன் உடலோடுதான்.

தூக்கம் கெடுக்கும் குயில்

தமிழ்க் கவிதையில் குயில் கூவினால் வசந்தம். சிங்கப்பூரில் குயில் கூவினால் நகர மன்றத்துக்குப் புகார். விடியற்காலை நாலரை மணிக்கு, எட்டடி தூரத்து மரத்தில், ஒவ்வொரு கூவலும் முந்தையதைவிட ஒரு படி உயர்ந்து போக, பன்னிரண்டு மணிநேர வேலை முடித்துப் படுத்தவர் காதில் அது விழுந்தால் பாரதியையும் மறந்துதான் போவார். ஊரில் குயிலுக்கும் நமக்கும் நடுவே ஒரு மாந்தோப்பு தூரம் இருந்தது. இங்கே அந்தத் தூரம் இல்லை. புகார்களின் வேர் பெரும்பாலும் இதுதான்.

2017 தொடக்கத்தில் சின் மிங் பகுதியில் திரிந்த இருபத்து நான்கு கோழிகள் சத்தப் புகாரின் பேரில் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டன. புகார் சொன்னவர்கள் சிலர். அது தெரிந்து கொதித்தவர்கள் பலர். நம் நாட்டுக்கோழிகளின் மூதாதையான செங்காட்டுக்கோழி சிங்கப்பூரின் சொந்தப் பறவை என்பதும், தெருவில் திரிபவை அதுவா கலப்பா என்பதும் அன்றுதான் பலருக்குக் கேள்வியாகின. 2020இல் கிருமித்தொற்று முடக்கத்தின்போது நீர்நாய்க் குடும்பம் ஆளற்ற கடைத்தொகுதிப் பக்கமும் குழந்தைகள் மருத்துவமனைப் பக்கமும் ஓடியதை ஊரே ரசித்தது. அதே நீர்நாய்கள் தனியார் குளத்து வளர்ப்பு மீன்களைத் தின்று தீர்த்தபோது ரசனை இரண்டாகப் பிரிந்தது. 2023இல் பீஷானில் குஞ்சு காத்த காகங்கள் நடந்துபோனோர் தலையில் கொத்தின.

இந்த வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். விலங்கின் நடத்தை எதிலும் புதிதில்லை. சேவல் கூவியது, நீர்நாய் மீன் பிடித்தது, காகம் குஞ்சைக் காத்தது. அந்த நடத்தையை முன்கூட்டி அறிந்தவருக்கு அது செய்தி; அறியாதவருக்கு அது தாக்குதல். காகம் கொத்துவது குஞ்சு தரையிறங்கிப் பறக்கப் பழகும் சில நாட்கள்தான் என்று தெரிந்தவர் அந்த வாரம் குடை பிடித்துப் போவார், அல்லது எதிர்ப்பக்கம் நடப்பார். வேடிக்கை என்று நாம் சொல்லும் ‘பார்த்தல்’, நெரிசலான ஊரில் அண்டை வீட்டாரைத் தெரிந்துவைத்திருப்பதுபோல ஒரு நடைமுறைத் தேவை.

சோறு வைக்கும் கை

இனி, இந்தப் பொருளில் தமிழருக்கென்றே உள்ள முடிச்சு. நமக்கும் வீட்டோரத்து உயிர்களுக்கும் உள்ள உறவு பார்வையால் ஆனதல்ல, கையால் ஆனது. அமாவாசையன்று காகத்துக்கு ஒரு பிடி வைக்காமல் நாம் சாப்பிடுவதில்லை. கனுப்பொங்கலுக்கு இலை போட்டு நிறச்சோறு வைக்கிறோம். அரிசிமாவில் கோலம் போட்டால் எறும்புக்கு என்கிறோம். விருந்து வரக் கரைந்த காகத்துக்கு எவ்வளவு பலி தந்தாலும் தகும் என்று பாடியதாலேயே சங்கப்புலவர் நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயர் நிலைத்தது. கோடையில் மொட்டை மாடியில் பறவைக்கு நீர்ச்சட்டி வைப்பது இன்று தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு நல்ல பழக்கமாகப் பரவியிருக்கிறது.

சிங்கப்பூரில் காகத்துக்குச் சோறு வைப்பது குற்றம். 1965ஆம் ஆண்டின் பழைய சட்டம் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் வனவிலங்குச் சட்டம் என்ற பெயரில் நடப்புக்கு வந்தது. காட்டுயிர்க்கு உணவிடுவோருக்கு முதல் முறை 5,000 வெள்ளி வரையும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையும் அபராதம். புறாவும் காகமும் இதில் அடங்கும். லிட்டில் இந்தியாவின் திறந்தவெளியில் பையைப் பிரித்து அரிசி இறைக்கும் பெரியவர் தான் புண்ணியம் செய்வதாக நினைக்கிறார். அதிகாரி அதைக் குற்றமாக எழுதிக்கொள்கிறார். இருவரும் தத்தம் கணக்கில் சரி.

சட்டத்தின் பக்கம் உள்ள காரணத்தை ஒதுக்க முடியாது. 2000களின் தொடக்கத்தில் இங்கே வீட்டுக் காகம் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது. சுட்டும் கூடு கலைத்தும் 2016 வாக்கில் அது பத்தாயிரத்துக்குக் கீழே கொண்டுவரப்பட்டது. மனிதன் போட்ட சோற்றால் பெருகிய கூட்டத்தை மனிதனே சுட்டுக் குறைக்க வேண்டி வந்தது என்பதுதான் இதன் சாரம். குரங்குக்கு ரொட்டி போட்டவர் போய்விடுவார். அதன்பின் பையோடு நடக்கும் பள்ளிப்பிள்ளையைத்தான் குரங்கு மறிக்கும். மிச்சச் சோற்றுக்கு எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

ஆனாலும் ஓர் இழப்பு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. சோறு வைத்துக் ‘கா கா’ என்று கூப்பிட்ட பாட்டி, எந்தக் காகத்துக்குக் கால் ஊனம், எது முதலில் வந்து மற்றவற்றைக் கூப்பிடும், எது பயந்தாங்கொள்ளி என்று அறிந்திருந்தார். கொடுத்ததால் கவனித்தார். கொடுக்காதே என்ற பிறகு கவனிப்பதும் நின்றுவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் காகம் வெறும் புகார் எண். கை செய்துவந்த வேலையை இனிக் கண் செய்ய வேண்டும். சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் இந்த மாற்றம் இன்னும் முழுதாக நடக்கவில்லை என்பதே என் கருத்து.

எண்ணுகிறவர்கள்

கண்ணால் செய்யும் வேலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகில் சான்றுகள் உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிஃபர் ஓவன் தன் சாதாரண வீட்டுத் தோட்டத்தை 1972 முதல் முப்பது ஆண்டுகள் கவனித்து, அதில் 2,673 வகை உயிரினங்களைப் பதிவு செய்தார். சென்னையில் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கைக் குறிப்புகள் எழுதினார். அவர் எழுதியவற்றில் யானைக்கு இருந்த மதிப்பு வீட்டுப் பல்லிக்கும் காகத்துக்கும் இருந்தது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவை எண்ணும் வழக்கம் நடந்துவருகிறது. பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்கள் கொல்லையில் நின்றே எண்ணிப் பதிகிறார்கள்.

சிங்கப்பூரில் இந்த மரபு வேறு வழியில் வளர்ந்தது. 1954இல் மலாயா இயற்கைச் சங்கத்தின் கிளையாகப் பிறந்த அமைப்புதான் இன்றைய சிங்கப்பூர் இயற்கைச் சங்கம். சுங்கை பூலோவைக் காக்கும் கோரிக்கையை எழுப்பியவர்கள் அதன் பறவை ஆர்வலர்கள். 1993இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பார்த்தவர்கள் எழுதி வைத்திருந்த பட்டியல்தான் அந்த வாதத்தின் ஆயுதம். அரசின் தேசியப் பூங்காக் கழகமும் 2015 முதல் பொதுமக்களை அழைத்து, பூங்காக்களில் அரைமணி நேரம் நின்று தோட்டப் பறவைகளை எண்ணச் சொல்கிறது. கைப்பேசியில் படமெடுத்துப் பதியும் செயலிகள் வந்தபின் எண்ணுவோர் கூட்டம் பெருகிவிட்டது.

எல்லா வாதமும் வென்றதில்லை. சிராங்கூன் ரோடு நீண்டு மேல் சிராங்கூன் ரோடாகும் இடத்தில் பிடாடரி இடுகாடு இருந்தது. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து என எல்லோருக்கும் பகுதி உண்டு. 1972இல் அடக்கம் நின்று, 2000களில் எலும்புகள் அகற்றப்பட்ட பின் அந்தப் புல்வெளியும் மரங்களும் வலசைப் பறவைகளின் தங்கலாயின. பறவை பார்ப்போர் அதை மொய்த்தார்கள். இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. நடுவே ஒரு பூங்காவுக்கும் ஏரிக்கும் இடம் விடப்பட்டு, அது 2024இல் திறக்கப்பட்டது. பட்டியல் முழுவதையும் காக்கவில்லை. ஒரு துண்டை மிச்சம் பிடித்தது.

எண்ணிக்கையில் ஒரு கோணலும் உண்டு. கேமரா எல்லாம் இருவாச்சி, நீர்நாய், ஆந்தை பக்கமே திரும்புகிறது. ஓர் அபூர்வப் பறவை வந்தால் ஐம்பது லென்ஸ் வரிசை கட்டும். படம் தெளிவாக விழக் கூட்டை மறைக்கும் இலையைக் கிள்ளுவோரும் இருக்கிறார்கள். மரச்சிட்டையும் பல்லியையும் கேட்பாரில்லை. ஆனால் ஊரில் சிட்டுக்குருவி குறைந்ததை நாம் உணர்ந்தபோது, முன்பு எத்தனை இருந்தன என்று சொல்ல எந்த ஏடும் கையில் இல்லை. மலிவாகக் கிடப்பதை எண்ணிவைப்பதே நாளைக்குப் பயன்படும்.

இன்னொரு குறையும் என்னை உறுத்துகிறது. இந்த நகரின் புல்லை வெட்டுகிறவர்கள், மரக்கிளை கழிக்கிறவர்கள், வடிகாலைத் தூர்வாருகிறவர்கள் எவரைவிடவும் அதிகமாக உயிர்களை நேரில் காண்கிறார்கள். அவர்களில் பலர் தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். உடும்பையும் மரநாயையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள். எந்த வடிகாலில் மலைப்பாம்பு சட்டை உரித்தது, எந்த மரத்தில் முசுறுக்கூடு என்று அவர்களைக் கேட்டால் தெரியும். செயலி அவர்களை அவர்கள் மொழியில் கேட்பதில்லை. நாமும் கேட்பதில்லை. தமிழில் பறவைப் பெயர் தெரியாமல் தவிக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்கும், பெயர் தெரிந்தும் கேட்பாரற்ற அந்தத் தொழிலாளிக்கும் நடுவே ஒரு பெஞ்சு தூரம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் ரோட்டுப் பக்கம் போனால் அந்தப் பெஞ்சையும் பார்க்கலாம்.

இரண்டு தொட்டி

ஆகவே விடை இப்படித் தேறுகிறது. கொல்லை இல்லாத ஊரில் கொல்லைப்புறம் பொதுவில் இருக்கிறது. அதில் வாழ்பவை பெரும்பாலும் பிழைத்தவையும் வந்தவையும் மீண்டவையும். ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் காரணமும் உண்டு. அவற்றோடு வரும் சச்சரவு பாதி அறியாமையால் வருவது. அந்தப் பாதியைப் பார்த்துப் பழகினால் குறைக்கலாம். மீதிப் பாதி உண்மையான நெரிசல். அதற்கு விட்டுக்கொடுத்தல்தான் மருந்து. சோறு வைக்கும் நம் பழக்கம் இங்கே தீமையாகிறது. அதை விட வேண்டும், ஆனால் அதனோடு வந்த கவனத்தை விடக்கூடாது.

கைக்கு ஒரே ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அதை அந்தப் புழுதான் காட்டிக்கொடுத்தது. பச்சையாகி ஒரு வாரத்துக்குள் அது தொட்டியின் பாதி இலையைத் தின்றுவிட்டது. வீட்டில் அம்மா, “அதைப் பிடிச்சுக் கீழே போடு, தாளிக்க ஒரு இலை இல்லை” என்றார். இரண்டு நாள் கழித்துப் புழுவைக் காணவில்லை. கம்பியில் உட்கார்ந்திருந்த கொண்டைக்குருவியின் அலகில் பச்சையாக ஏதோ தொங்கியது. எதிர்வீட்டுத் தொட்டியில் அதற்குக் குஞ்சுகள் இருந்தன. அம்மாவும் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை தேக்காவிலிருந்து வரும்போது காய்கறிப் பையோடு இன்னொரு கறிவேப்பிலைக் கன்றும் வந்தது. 1.2 மீட்டரை அளந்து பார்த்து முதல் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒன்று ரசத்துக்கு. மற்றதில் அம்மா இலை கிள்ளுவதில்லை. அமாவாசையன்று காலை குளித்துவிட்டு வந்து அதற்குத்தான் முதலில் தண்ணீர் ஊற்றுகிறார். இலைகளைத் திருப்பித் திருப்பி, முட்டை இருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுகிறார்.